நாள் பார்க்கும் அருள்

இடைநிலைப்பள்ளி ஒன்றின் சிற்றுண்டிச்சாலை. ஒரு வெள்ளிக்கிழமை இடைவேளை. தமிழ் மாணவன் ஒருவனும் மலாய் மாணவன் ஒருவனும் எதிரெதிரே அமர்ந்திருக்கின்றனர். மலாய் மாணவன் தன் தட்டிலிருந்த பொரித்த கோழியில் ஒரு துண்டை நண்பன் பக்கம் நகர்த்துகிறான். தமிழ் மாணவன் கையசைத்து மறுக்கிறான்.

“ஏன் வேண்டாம்?”

“இன்று வெள்ளிக்கிழமை.”

“நாளை?”

“நாளை சாப்பிடுவேன்.”

“நாளைக்குக் கோழிக்கு வலிக்காதா?”

வினவியவன் உள்ளத்தில் இகழ்ச்சி ஏதுமில்லை. அறியும் ஆவலே இருந்தது. வினவப்பட்டவனோ வாய் திறவாது நின்றான். அவன் ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் பயின்றவன். திருக்குறள் ஒப்புவிக்கும் போட்டியில் பரிசு பெற்றவன். பெற்றோர் சொல் தட்டாதவன். அவன் விடையின்றி நின்றது அவன் குற்றமன்று. எந்த நாளில் உண்ணலாகாது என்பதை அவனுக்குக் கற்பித்தவர் பலர். ஏன் உண்ணலாகாது என்பதைக் கற்பித்தவர் ஒருவருமிலர்.

புலால் உண்பதா, விடுப்பதா என்பது ஒவ்வொருவரும் தத்தம் உள்ளத்தோடு எண்ணி முடிவு செய்ய வேண்டிய செய்தி. உண்போர் அனைவரும் கொடியரல்லர். உண்ணாதோர் அனைவரும் அருளாளருமல்லர். ஆயினும் ஒன்று உறுதி. காரணமின்றி விடுப்பதில் சிறப்பில்லை. காரணமின்றி உண்பதில் உரிமையுமில்லை. மலேசியத் தமிழரிடையே இன்று வழங்கும் காரணங்களுள் பெரும்பாலானவை இரவற் காரணங்கள். நாட்காட்டியிடமிருந்து வாங்கியவை சில. முன்னோரிடமிருந்து வாங்கியவை சில. அயலார் மதிப்புக்காக அணிந்துகொண்டவை சில. இவற்றை ஒவ்வொன்றாக உரைத்துப் பார்த்தல் நன்று.

விரதமும் அருளும்

தமிழர் இல்லங்களில் புலால் விலக்கும் நாட்கள் பல. வெள்ளி, சிலர்க்குச் செவ்வாய், அமாவாசை, கார்த்திகை, புரட்டாசிச் சனி, தைப்பூசத்துக்கு முந்திய நாட்கள் என அவை நீளும். விரதம் இழிந்ததென்று எவரும் கூறார். நாவை அடக்கப் பழகியவன் சினத்தையும் பிற ஆசைகளையும் அடக்கப் பழகக்கூடும். பல நாள் விரதங்காத்துக் காவடி சுமந்து, பத்துமலையின் 272 படிகளை ஏறும் அடியவரின் மனவுறுதி போற்றத்தக்கது.

ஆனால் அது மனவுறுதி, அருள் அன்று. இரண்டையும் ஒன்றெனக் கூறுவதே பிழை. விரதம் என்பது உண்பவன் தன்னை நோக்கிச் செய்வது. அருள் என்பது உண்ணப்படும் உயிரை நோக்கிச் செய்வது. முன்னதற்கு நாளுண்டு, தொடக்கமுண்டு, முடிவுண்டு. பின்னதற்கு அவை இல்லை. வெள்ளியன்று ஆட்டின்மேல் இரங்கிய நெஞ்சம் சனியன்று இரங்காதாயின், வெள்ளியன்று அது இரங்கியது ஆட்டின்மேலன்று.

இக்காலப் பண்ணைக் கோழியின் வாழ்நாளை எண்ணிப் பார்க்கலாம். இறைச்சிக்காக வளர்க்கப்படும் கோழி, முட்டையினின்று வெளிவந்த ஐந்தாறு வாரங்களில், ஏறத்தாழ 40 நாட்களில், அறுக்கப்படுகிறது. ஒரு மண்டல விரதமோ 48 நாள். விரதம் தொடங்கும் காலையில் பண்ணையில் கண் திறந்த குஞ்சு, விரதம் முடியுமுன்னே எடைத்தட்டுக்கு ஏறிவிடுகிறது. மனிதன் கோழியை நினைந்து காத்ததாகக் கூறும் காலம், அக்கோழியின் முழு வாழ்நாளினும் நீண்டது! விரதம் முடிந்த மறுநாள் சந்தையில் கோழிக்கடைமுன் நீளும் வரிசையைக் கண்டவர், அவ்விரதத்தில் அருளுக்கு எத்துணைப் பங்கு இருந்தது என்பதைத் தாமே அறிவர்.

தோட்டப்புறங்களில் ஒரு காலத்தில் முனியாண்டிக்கும் மதுரைவீரனுக்கும் ஆடும் சேவலும் வெட்டிப் படைத்தனர். பல கோயில்களில் அவ்வழக்கம் நின்று, பூசணிக்காயும் எலுமிச்சையும் அதன் இடத்துக்கு வந்தன. இதனைச் சீர்திருத்தம் என்று பாராட்டுவோர் ஒன்றை எண்ண வேண்டும். கோயில் வாயிலில் நின்ற கத்தி மறைந்தது. சந்தையின் பின்புறத்திலுள்ள கத்தி மறையவில்லை. லயன் வீட்டின் கொல்லைப்புறத்தில் கோழி வளர்த்த தாய், தான் தவிடு வைத்து வளர்த்த உயிரையே விருந்தினர்க்காகத் தன் கையால் அறுத்தாள். தன் உணவின் விலை என்ன என்பது அவளுக்குத் தெரியும். இன்று நெகிழித்தாளில் பொதிந்து, குளிர்பெட்டியில் அடுக்கிய இறைச்சியை வாங்கும் அவள் பேரனுக்கு அது தெரியாது. கண்முன் நிகழ்ந்த கொலை கண்மறைவாகச் சென்றதனால் அருள் வளர்ந்துவிட்டதெனக் கொள்ளுதல் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளுதலாகும்.

முன்னோர் பெயரால்

“புலால் மறுத்தலே தமிழர் பண்பாடு” என்று மேடையில் முழங்குவோர் உளர். சங்க இலக்கியத்தை ஒருமுறை புரட்டினாலே இம்முழக்கம் அடங்கிவிடும். புறநானூற்றின் பதினான்காம் பாடலில், சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதன் கபிலரின் கையைப் பற்றி அதன் மென்மையை வியக்கிறான். ஊனும் துவையும் சோறும் உண்டு வருந்துவதன்றி வேறு வன்தொழில் அறியாத கை என்பதே கபிலர் தரும் விளக்கம். அந்தணர் என்று போற்றப்பட்ட புலவரே இவ்வாறு கூறுகிறார். பொருநராற்றுப்படையில் வரும் பொருநன், இரவும் பகலும் ஊன் தின்றமையால் கொல்லை நிலத்தை உழுத கொழுப்போலத் தன் பற்கள் மழுங்கின என்கிறான். சைவத் திருமுறைகளுள் இறுதியாக வைத்தெண்ணப்படும் பெரியபுராணத்திலோ, தாம் சுவைத்துத் தேர்ந்த பன்றியிறைச்சியைப் படைத்த கண்ணப்பர் நாயன்மாராக வணங்கப்படுகிறார். திருவள்ளுவர் புலால் மறுத்தலுக்குப் பத்துக் குறட்பாக்களை ஒதுக்கியதே அவர் காலத்தில் மக்கள் புலால் உண்டமைக்குச் சான்று. எவரும் செய்யாத ஒன்றைச் செய்யாதீர் என்று அறவோர் நூல் எழுதார்.

இச்சான்றுகளைக் கேட்டவுடன் எதிரணியினர் கைதட்டுவர். “பார்த்தீர்களா! முன்னோர் உண்டனர், ஆகவே உண்பதே பண்பாடு” என்பர். இதுவும் அதே பிழையின் மறுபக்கந்தான். முன்னோர் ஆநிரை கவர்ந்தனர். பகைவர் ஊரை எரியூட்டினர். பரத்தையர் சேரியை இலக்கியமாக்கினர். அவற்றையெல்லாம் இன்று எவரும் பண்பாடென்று மேற்கொள்வதில்லை. முன்னோர் செய்தமை ஒன்றின் பழமையைக் காட்டுமேயன்றி அதன் நன்மையைக் காட்டாது.

வேறு சிலர் இன்னும் நுட்பமாக வாதிடுவர். புலால் மறுத்தல் என்னும் 26-ஆம் அதிகாரம் துறவறவியலில் இருக்கிறது; ஆகவே அது துறவிக்கே உரியது, இல்லறத்தானுக்கு அன்று என்பர். இது பாயிரம் கற்றவர் வாதம். பாடம் கற்றவர் வாதமன்று. அவ்வதிகாரத்தின் ஆறாம் குறட்பா வாங்குவோரையும் விற்போரையும் பற்றிப் பேசுகிறது. தின்பதற்காக உலகத்தார் கொல்லாதிருப்பின், விலைக்கு ஊன் தருவாரும் இரார் என்பது அதன் கருத்து. துறவி சந்தைக்குச் சென்று இறைச்சி வாங்குவதில்லை. கையில் காசும் பையும் கொண்டு செல்பவன் இல்லறத்தானே. “கொன்றவன் கடைக்காரன், வாங்கியதே என் செயல்” என்று நழுவுவோனை வள்ளுவர் வழிமறித்து நிறுத்துகிறார். “ஒருவன் விடுப்பதால் என்ன ஆகும்?” என்னும் வினாவுக்கும் விடை அதனுள்ளேயே இருக்கிறது. விற்பனை என்பது ஒவ்வொருவர் காசாகச் சேர்ந்ததே.

அவ்வதிகாரத்தில் இல்லாதவற்றையும் மாணவர்க்குச் சுட்டிக்காட்ட வேண்டும். அதில் கிழமை இல்லை, திங்கள் இல்லை, குலம் இல்லை, உண்ணாதவன் உண்பவனை வீட்டுக்குள் விடலாகாது என்னும் விதி இல்லை. பத்துக் குறட்பாக்களிலும் இருப்பவை காரணங்களே. பள்ளியில் ஒப்புவிக்கப்படுபவை பாக்கள், கைவிடப்படுபவை அக்காரணங்கள்!

உணவால் உயர்வு தாழ்வு

இரவற் காரணங்களுள் மிகக் கொடியது, புலால் உண்ணாமையை உயர்குலத்தின் அடையாளமாக அணிவது. சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1952-இல் வெளியிட்ட குடகு மக்கள் பற்றிய நூலில் இப்போக்கினை ஆராய்ந்து ‘சமஸ்கிருதமயமாதல்’ எனப் பெயரிட்டார். சமுதாயத்தில் தாழ்வாக நடத்தப்பட்ட கூட்டத்தார், புலாலையும் மதுவையும் விடுத்து, மேலோர் சடங்குகளை மேற்கொண்டு, ஓரிரு தலைமுறையில் தம் நிலையை உயர்த்திக்கொள்ள முயல்வதை அவர் விளக்கினார். தாழ்த்தப்பட்டவர் எழ விரும்புதல் இயல்பே. ஆயினும் இன்னொருவரைத் தாழ்த்துவதற்கு இலையிலுள்ள உணவைப் பயன்படுத்தும்போது, அவ்வுணவில் ஊன் இல்லாவிடினும் வன்மை இருக்கிறது.

சொல்லாட்சியே இதனைக் காட்டிக்கொடுக்கிறது. சைவம் என்பது சிவநெறியின் பெயர். அது உணவின் பெயராயிற்று. பின்னர் மற்றோர் உணவு ‘அசைவம்’ ஆயிற்று. அதனை உண்பவன் ஏதோ ஒன்று இல்லாதவனாக ஆக்கப்பட்டான். கண்ணப்பரை வணங்கும் சமயத்தின் பெயரால் கண்ணப்பர் உணவுக்கு இப்பெயர்! மலேசியத் தமிழர் நாவில் மரக்கறி என்னும் நல்ல சொல் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. அச்சொல் உணவை மட்டும் குறிக்கிறது, உண்பவனை அளவிடுவதில்லை. ஆசிரியர்கள் வகுப்பில் அச்சொல்லையே வழங்குதல் தக்கது.

தோட்டப்புறப் பள்ளி ஒன்றில், வெள்ளிக்கிழமை இடைவேளையில் சிறுமி ஒருத்தி தன் உணவுக்கலத்தைத் திறந்தாள். சோறும் வறுத்த கருவாடும் இருந்தன. அருகிலிருந்த பிள்ளைகள் மூக்கைப் பொத்தினர். ஆசிரியை வந்தார், வெளியே சென்று உண்ணுமாறு பணித்தார், “வெள்ளிக்கிழமைகூடவா?” என்றொரு சொல்லையும் சேர்த்துக்கொண்டார். விடியுமுன்னே வேலைக்குப் புறப்படும் தாய், முதல்நாள் இரவு மீந்ததைக் கட்டிக் கொடுத்திருந்தாள். அச்சிறுமி வெளியே சென்றாள், உண்ணவில்லை, கலத்தை மூடிக்கொண்டு மணியடிக்கும்வரை நின்றாள். கருவாட்டிலிருந்த மீன் என்றோ இறந்துவிட்டது. அன்று அப்பள்ளியில் வருந்திய உயிர் ஒன்றே. அவ்வுயிர்க்கு இரங்கியவர் எவருமிலர்.

இவ்விடத்தில் வள்ளலாரை நினைத்தல் வேண்டும். புலால் மறுப்பில் அவரினும் உறுதியானவர் தமிழுலகில் அரியர். கொலையும் புலாலும் உடையோரைத் தம் அக இனத்தாரெனவே அவர் கொள்ளவில்லை. எனினும் அவர்தம் பசியைத் தவிர்க்க வேண்டும் என்பதில் அவர் சிறிதும் தளரவில்லை. 1867-இல் வடலூர்த் தருமச்சாலையில் அவர் மூட்டிய அடுப்பு, வந்தவரின் குலத்தையும் சமயத்தையும் வினவாது பசியாற்றியது. புலாலை மறுப்பவர்க்குரிய பெருமிதம் இதுவே. பசித்த குழந்தையைக் கலத்தோடு வெளியே நிறுத்துவதன்று.

மரக்கறி உண்போர் தம் கை முற்றும் தூயதென எண்ணுதற்கும் இடமில்லை. முட்டைக்காகக் கோழி வளர்க்கும் பெருந்தொழிலில், முட்டையிடாத சேவற்குஞ்சுகள் பிறந்த நாளிலேயே கொல்லப்படுதல் உலகெங்கும் பரவிய வழக்கம். பால் தரும் பசு கன்று ஈன்றாலன்றிப் பால் தாராது. பால் தாராத ஆண்கன்றின் கதி பெரும்பாலும் இறைச்சிக்கூடமே. இவற்றை அறிந்தவர் பணிவுடையராவர். அறியாதவரே பெருமை பேசுவர்.

உடல்நலம் என்னும் வாதம்

புலால் விடுத்தால் நோய் அணுகாது என்போரும் உளர். இதில் உண்மை ஒரு பங்கு. மிகை ஒரு பங்கு. உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல், பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவனவற்றின் பட்டியலில் சேர்த்தது. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி முதலிய செவ்விறைச்சியை, அவ்வாறு உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் வைத்தது. இது கருதத்தக்க காரணமே.

ஆனால் மலேசியத் தமிழரை வாட்டும் நோயை நோக்குக. 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசிய இந்தியருள் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேர் நீரிழிவுக்கு ஆட்பட்டவர்; நாட்டின் பேரினங்களுள் இதுவே மிக உயர்ந்த அளவு. குவித்த வெள்ளைச்சோறும், சருக்கரை மிகுந்த தேநீரும், நெய்யில் தோய்ந்த இனிப்பும் மரக்கறியே. வெள்ளிக்கிழமை ஆட்டிறைச்சியை விலக்கிவிட்டுக் கேசரியை இருமுறை வாங்கி உண்பவர் உடலுக்கு ஏதும் நன்மை செய்துவிடவில்லை. மேலும், வைட்டமின் பி12 என்னும் சத்து இயற்கையில் விலங்குவழி உணவிலேயே கிடைப்பது. பாலும் முட்டையும்கூட விலக்குவோர் அதனை வேறு வழியில் பெற்றாக வேண்டும். நலத்துக்காக விலக்குவோர் நலத்தை முழுமையாகக் கற்றறிந்து விலக்குக. அரைகுறை மருத்துவம் அறத்துக்குத் துணையாகாது.

காரணம் தேடிய ஒருவர்

இரவற் காரணத்தினின்று சொந்தக் காரணத்துக்கு ஒருவர் எவ்வாறு நடந்து செல்கிறார் என்பதற்குக் காந்தியடிகளின் ‘சத்திய சோதனை’ சிறந்த சான்று. வைணவக் குடும்பத்தில் பிறந்தமையால் அவர் முதலில் உண்ணாதிருந்தார். அது பிறப்பின் காரணம். இறைச்சி உண்பதாலேயே ஆங்கிலேயர் வலியராய் ஆளுகின்றனர் என்று நண்பர் ஒருவர் கூற, மறைவாக ஆட்டிறைச்சி உண்டார். அதுவும் இரவற் காரணமே. அன்றிரவு, ஆடு தம்முள்ளே கத்துவதுபோல் உணர்ந்ததாக எழுதுகிறார். ஏறத்தாழ ஓராண்டுக்குப்பின், பெற்றோரிடம் பொய் கூற மனமின்றி விடுத்தார். அப்போதும் இறைச்சியைத் தீதென அவர் எண்ணவில்லை. 1888-இல் இலண்டன் செல்லுமுன் தாய்க்கு வாக்களித்தார். அவ்வாக்கினைக் காக்க அங்கே பசியோடு நாட்களைக் கழித்தார். பின்னர் மரக்கறி உணவகம் ஒன்றில் ஹென்றி சால்ட் எழுதிய நூலை வாங்கிப் படித்தார். அன்றுமுதலே தாம் விரும்பித் தேர்ந்து புலால் மறுத்தவரானதாகக் குறிக்கிறார்.

விலக்கு ஒன்றே, காரணங்கள் மாறின. இறுதியாக வந்த காரணமே அவருடையது. அதுவே வாழ்நாள் முழுதும் நிலைத்தது. பாலையும் விடுவதென 1912-இல் உறுதிபூண்ட அவர், பின்னர்க் கடும்நோயுற்றபோது ஆட்டுப்பாலை ஏற்றார். பசுவையும் எருமையையும் எண்ணியே உறுதிபூண்டதால் ஆட்டுப்பால் அதனை மீறாது என அமைதி கூறியிருக்கலாம். அவரோ உறுதியின் சொல்லைக் காத்து அதன் உயிரை விட்டுவிட்டதாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தவறாதவர் என்பதினும் தவற்றை மறையாதவர் என்பதே அவர் பெருமை. 1931-இல் இலண்டன் மரக்கறியாளர் சங்கத்தில் பேசியபோதும், உடல்நலத்துக்காக மட்டும் விடுத்தவர் நிலைப்பதில்லை, அறக்காரணம் உடையவரே நிலைப்பர் என வலியுறுத்தினார்.

எதிர்த்திசையில் நின்றவர் 1929-இல் மலாயாவுக்கு வருகை தந்த பெரியார் ஈ.வெ.ரா. புலால் உண்பது இழிவென்னும் எண்ணத்தை அவர் வெளிப்படையாகச் சாடினார், தாமும் உண்டார். சாதி ஆணவத்தை எதிர்த்தல் அவர் காரணம். அதுவும் எண்ணித் தெளிந்த காரணமே. எனினும் ‘பெரியார் உண்டார், ஆகவே உண்கிறேன்’ என்பவர் அவரைப் பின்பற்றியவராகார். எவர் கூறினும் தன் அறிவைக் கொண்டு ஆராய்க என்பதே அவர் கூறியது. காந்தியடிகளும் பெரியாரும் உணவில் மாறுபட்டனர். காரணத்தைத் தாமே தேடியதில் ஒன்றுபட்டனர்.

உண்போர்க்கும் கடமை உண்டு. வறுமை, நோய், வளரும் குழந்தையின் தேவை, கடலை நம்பிய தொழில் என உண்பதற்குரிய காரணங்கள் பல இருக்கலாம். அவற்றை நேர்மையாகக் கூறுக. தன் உணவுக்காக ஓர் உயிர் மாய்ந்தது என்பதை ஒப்புக்கொள்க. திருமண விருந்திலும் தீபாவளி விருந்திலும் கறித்துண்டுகளை அள்ளி வைத்துப் பாதி உண்டு பாதி இலையோடு எறிவோர்க்கு எந்தக் காரணமும் துணைநில்லாது. அங்கே அவ்வுயிர் இருமுறை கொல்லப்படுகிறது.

ஆசிரியர் கடன்

மணிமேகலையில் வரும் சாதுவன் ஆசிரியர்க்கெல்லாம் ஒரு பாடம். கப்பல் கவிழ்ந்து நாகர் மலையில் ஒதுங்கிய அவன், அவர்தம் மொழியை அறிந்தவனாதலின் உயிர் பிழைத்தான். கள்ளும் ஊனும் விடுக என்று அவன் கூறியபோது, அவர்தம் தலைவன் நகைத்து எதிர்வினா எழுப்பினான். சாதுவன் சினக்கவில்லை, இழித்துரைக்கவில்லை, வினாவுக்கு விடை தந்தான். ஊனின்றி வாழ்தல் தங்கட்கு இயலாதென்று அவர்கள் கூறியபோது, மூத்துத் தாமே இறக்கும் விலங்குகளைத் தவிரப் பிற உயிர்கட்குத் தீங்கு செய்யாதீர் என, அவர்களால் இயன்ற ஓர் எல்லையைக் காட்டினான். கேட்பவர் மொழியில் பேசுதல், எதிர்வினாவை ஏற்றல், காரணம் கூறுதல், இயன்ற அளவில் தொடங்குதல் என்னும் நான்கும் பயிற்சிக் கல்லூரியில் கற்பிக்கப்படும் முறைகளே. ஒழுக்கம் கற்பிக்கும்போது மட்டும் அவை மறக்கப்படுவது ஏன்?

தமிழ்ப்பள்ளியில் புலால் மறுத்தலைக் கற்பிக்கும் நாளில் மாணவரைப் பேசவிடுக. “உன் வீட்டில் எந்நாளில் உண்பதில்லை?” என்று கேட்பதை விடுத்து, “ஏன்?” என்று கேட்க. விடை தெரியாத பிள்ளை வீட்டுக்குச் சென்று பாட்டியைக் கேட்கட்டும், தந்தையைக் கேட்கட்டும். பெரியவர்க்கும் விடை தெரியாதாயின் அன்று அவ்வீட்டில் இருவர் கல்வி கற்பர். எவ்வுணவு கொண்டுவந்த பிள்ளையும் எந்நாளிலும் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்படலாகாது என்பதைப் பள்ளியின் எழுதாச் சட்டமாக்குக.

அவ்வாறு பயின்ற மாணவன் நாளைச் சிற்றுண்டிச்சாலையில் வாயடைத்து நில்லான். “இன்று என் நாவை அடக்கப் பழகுகிறேன், கோழிக்காக அன்று, எனக்காக” என்று அவன் கூறலாம். “கோழிக்கு எந்நாளும் வலிக்கும், ஆகவே எந்நாளும் உண்பதில்லை” என்று கூறலாம். “உண்கிறேன், ஆனால் வீணாக்குவதில்லை, உண்ணாத உன்னையோ உண்ணும் இன்னொருவனையோ இகழ்வதுமில்லை” என்றும் கூறலாம். மூன்றும் வெவ்வேறு விடைகள். மூன்றிலும் பொய் இல்லை. நண்பனின் வினாவுக்கு முகங்கொடுத்துத் தன் சொந்தச் சொல்லால் விடையிறுக்கும் அம்மாணவனை உருவாக்காத பள்ளியில், பத்துக் குறட்பாக்களை ஒப்புவித்தவர்க்குப் பரிசு எதற்கு?